முதல் நாற்காலியில் உட்கார்ந்த பூனை

அந்தத் தெருவில் அவருக்கு ‘அஞ்சு நிமிஷம்’ என்று பெயர். சலூன் வாசலில் யார் தலை தெரிந்தாலும், கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல், “உக்காருங்க, அஞ்சு நிமிஷம்” என்பார். முப்பத்தெட்டு வருடங்களில் ஒரு நாளும் அது ஐந்து நிமிடமாக இருந்ததில்லை. முக்கால் மணி என்பது சராசரி. அதிகபட்சம் இரண்டே கால் மணி. அன்று நாற்காலியில் ஒரு புது மாப்பிள்ளை இருந்தான்.

யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை. பத்து மணிக்கு ஓரிடத்தில் இருக்க வேண்டியவர்கள் எட்டு மணிக்கே வந்து பெஞ்சில் இடம் பிடித்தார்கள். முந்தாநாள் செய்தித்தாளை முழுதாகப் படித்தார்கள். தங்கள் முறை வந்ததை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தலை முடிந்ததும் அவர் கழுத்துத் துணியை உருவுவார். இரண்டு மூலைகளைப் பிடித்து ஒரே ஒரு உதறல். துணி காற்றில் விரிந்து ‘பட்’ என்று அறையும். அந்தச் சத்தத்துக்கு அடுத்த ஆள் தானாக எழுந்திருப்பார். எதிர்ப்பக்கத்துக் கடையில் தூங்குகிறவர்களும் சில நாள் எழுந்திருப்பார்கள்.

வீடு சலூனுக்கு நேர் மேலே. இரண்டு அறை, சமையலறை, குளியலறை, தெருவைப் பார்த்த ஒரு பால்கனி. குடியிருந்தவர்கள் அவர், அவர் மனைவி, ஐந்து பூனைகள். ஒரே மகள் வெளியூரில் மருந்து ஆலை ஒன்றில் தரப் பரிசோதனை வேலையில் இருந்தாள்.

ஐந்து பூனைகளும் ஒரே வழியாக வந்தவை. மழைக்கு ஒதுங்கிய குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர் மாடிப்படி ஏறுவார். மனைவி வாசலை மறித்து நிற்பார்.

“என்னங்க அது, சட்டை மூச்சு விடுது?”

“மழை விடற வரைக்கும்தான். அஞ்சு நிமிஷம்.”

முதலாவது ஐந்து நிமிடத்துக்கு, இது நடந்த வருடம், பதினான்கு வயது நடந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம் என்பதால் அதன் பெயர் நரை. அவர் கண்ணுக்கு எல்லாம் தலைமுடியாகத்தான் தெரியும். ஒட்ட வெட்டியது போன்ற ரோமம் உள்ளது கிராப்பு. சுருண்ட வால் உள்ளது சுருட்டை. காதோரம் கறுப்புப் பட்டை இறங்கியது கிருதா. உச்சந்தலையில் வெள்ளைக் கோடு ஓடியது வகிடு. அவருக்கோ தலையில் ஒரு முடி கிடையாது. அந்த ஏக்கம்தான் இப்படிப் பெயராக வெளிவருகிறது என்பது மனைவியின் முடிவு.

நரை பெயருக்குத்தான் அவருடைய பூனை. இரண்டே பல், பழுதான சிறுநீரகம், மகாராணியின் குணம். மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பணி முடிந்த நாளிலிருந்து அவர் காலடியில் படுத்துத் தூங்குவது நரையின் உத்தியோகம். விடுப்பே எடுத்ததில்லை.

காலையில் கடை திறக்கும் முன், பால்கனியில் இன்னொரு கடை நடக்கும். பம்ப் பழுதாகி மேலும் கீழும் போகாத பழைய சலூன் நாற்காலி ஒன்று அங்கே கிடந்தது. அவர் அதில் உட்கார்ந்து, மடியில் கடைத்துணி ஒன்றை விரித்து, ஒவ்வொரு பூனையாக எடுத்துச் சீவி விடுவார். முதலில் கிராப்பு. அது எல்லோரையும் முட்டித் தள்ளிவிட்டு வந்து ஏறும். ஒரு பூனை முடிந்ததும் துணியை உதறுவார். அடுத்தது தானாக எழுந்து வரும். கீழே பெஞ்சில் மனிதர்கள் கற்ற பாடத்தை மேலே பூனைகளும் கற்றிருந்தன. நாளின் முதல் முறைக்கு அவர் பாஷையில் ‘முதல் நாற்காலி’ என்று பெயர். கீழும் அதுதான், மேலும் அதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் ஆறாவது ஐந்து நிமிடம் வந்து சேர்ந்தது.

கடை ஷட்டருக்குக் கீழே ஒண்டியிருந்த குட்டி. வெள்ளை உடம்பு, மோவாயில் மட்டும் கறுப்பு. ஆகவே தாடி. ஒரு கண் சீழால் ஒட்டிக்கிடந்தது.

“என்னங்க, இது தும்முது.”

“தூசி.”

“கொட்டற மழையில எங்கேருந்து தூசி?”

அவர் வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணை ஊறவைத்துத் துடைத்தார். கண் திறந்தது. மறுநாள் காலை, புதுசு என்பதால், தாடியை வரிசையில் கடைசியாகச் சேர்த்துக்கொண்டார். மடியில் உட்கார்ந்து அது பதினொரு முறை தும்மியது. எண்ணியது மனைவி.

நான்காம் நாள் கிராப்பு தும்மியது. மூக்கு ஒழுகியது. வரிசையை முட்டித் தள்ள அது வரவில்லை. அன்று முதல் நாற்காலி சுருட்டைக்குப் போனது. மறுநாள் இரண்டு கூடைகளில் மூன்று பூனைகளை ஏற்றிக்கொண்டு கணவனும் மனைவியும் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லாத நரையையும் மனைவி கூடவே எடுத்து வந்திருந்தார். வயசானவள், ஒரு பார்வை பார்த்துவிடட்டும் என்று.

டாக்டர் கண்டிப்பான பெண்மணி. கிராப்பின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார்.

“புதுசா பூனை ஏதாவது வந்துச்சா?”

“வந்துச்சுன்னு சொல்ல முடியாது டாக்டர். இருக்குது.”

“அஞ்சு நிமிஷமா இருக்குது,” என்றார் மனைவி. “அஞ்சு நாளா.”

“வந்த உடனே மத்ததோட விட்டுட்டீங்களா?”

“பழகட்டும்னு...”

“ரெண்டு வாரம் தனி ரூம்ல வெச்சிருக்கணும். தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கா?”

“போட்டோமே.”

“எப்ப?”

“இவருக்கு முடி இருந்தப்ப,” என்றார் மனைவி.

டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு விளக்கினார். பூனைக்கு வரும் சளி இது. வைரஸ். மனுஷனுக்கு ஒட்டாது, பூனைக்குப் பூனை காட்டுத்தீ மாதிரி பரவும். தும்மலில் பரவும், தட்டு, கிண்ணம், கை எல்லாவற்றிலும் பரவும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். மனசு கலங்கும்போதெல்லாம் திரும்ப எட்டிப் பார்க்கும். பெரும்பாலான பூனைகள் பத்து நாளில் தேறிவிடும். தாடிக்கு மட்டும் சளி மேல் சளியாகச் சேர்ந்திருப்பதால் ஆன்ட்டிபயாட்டிக். மற்றதற்குக் கவனிப்பு.

“காய்ச்சல் மாத்திரை ஏதாவது குடுக்கலாமா? வீட்டுல இருக்கு,” என்றார் அவர்.

“உங்க வீட்டு மாத்திரை டப்பாவைப் பூனை இருக்கற பக்கமே கொண்டுபோகாதீங்க. மனுஷன் சாப்பிடற காய்ச்சல் மாத்திரை ஒண்ணு போதும். பூனை போயிடும்.”

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“முதல்ல நல்லா இருக்கற பூனைகளைக் கவனிங்க. அதுலயும் பலவீனமானதை எல்லாத்துக்கும் முன்னாடி. நோயாளிங்க கடைசி. ஒவ்வொரு தடவையும் கை கழுவுங்க. தட்டு, மணல் தொட்டி எல்லாம் தனித்தனி.” டாக்டர் நரையைத் தூக்கி எடை பார்த்தார். பல் பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். “இதுக்கு மட்டும் வர விட்டுடாதீங்க. மூக்கு அடைச்சா வாசனை தெரியாது. வாசனை தெரியலைன்னா பூனை வாய் வைக்காது. இந்த உடம்புக்கு மூணு நாள் பட்டினி தாங்காது. கல்லீரல் போயிடும்.”

திரும்பி வரும்போது மனைவி மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்றார்.

“நரைக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

“ஆகாது. நான் பொறுப்பு,” என்றார் அவர்.

அஞ்சு நிமிஷம் என்று சொல்லவில்லை. மனைவி அதைக் கவனித்தார்.

அதற்குப் பிறகு அவர் நடத்திய நிர்வாகத்தைத் தெருவே பேசியது. மகளின் அறை ஆஸ்பத்திரி ஆனது. தாடியும் கிராப்பும் உள்ளே. கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள்: ‘நோயாளிகள். வருகை நேரம் இல்லை.’ வாசலில் தனிச் செருப்பு. ஆறு பூனைகளுக்கு ஆறு தட்டு, ஆறு சீப்பு. சலூனில் சீப்பு ஊறும் நீல மருந்துத் தண்ணீர் பூனை நாக்குக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால், சீப்புகளை வெந்நீரில் கொதிக்க வைத்தார். சமையலறையில் ஒரு பாத்திரம் நிரந்தரமாக அவர் கைக்குப் போனது.

“என்ன சூப்பு?” என்று மனைவி கேட்பார்.

“சீப்பு.”

சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்தது. கீழே தலை கொடுத்தவர்கள் எல்லோரும் தொற்று நோய் பற்றிய ஒரு சொற்பொழிவையும் வாங்கிக்கொண்டு போனார்கள். தபால்காரர் ஒரு நாள், “ஷேவிங் மட்டும் போதும், வைரஸ் வேண்டாம்” என்று கெஞ்சினார்.

வரிசையும் மாறியது. பலவீனமானதை முதலில் என்று டாக்டர் சொன்னாரல்லவா? முதல் நாற்காலி நரைக்கு. மகாராணி எழுந்து, சோம்பல் முறித்து, மெல்ல நடந்து வந்து மடியில் ஏறுவாள். அவளுக்குப் பிறகு சுருட்டை, கிருதா, வகிடு. அவர்களை முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரி அறைக்குப் போவார். தரையில் சம்மணமிட்டு, நோயாளிகளை மடியில் போட்டு, கண்ணும் மூக்கும் துடைத்து, சொட்டு மருந்து விடுவார். அவர்கள் இவர் முகத்தில் தும்முவார்கள், மார்பில் தும்முவார்கள், மடியில் தும்முவார்கள். வெளியே வந்து முழங்கை வரை கழுவுவார். டாக்டர் சொன்னதில் ஒரு புள்ளி குறையவில்லை.

எட்டாம் நாள் சுருட்டை தும்மியது.

“முன்னாடியே ஒட்டியிருக்கும்,” என்று சொல்லி அதையும் அறைக்குள் அனுப்பினார்.

பத்தாம் நாள் காலை, பால்கனியில் முதல் நாற்காலியில் சீவிக்கொண்டிருந்தபோது, நரை ஒரு முறை தும்மியது. மிகச் சின்னத் தும்மல். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

அவர் சீப்பை வைத்தார். நரையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். இடது மூக்குத் துவாரத்தில் ஒரு துளி நீர்.

மனைவி வந்து நரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.  கிண்டல் செய்தே நாற்பது வருடம் ஓட்டிய பெண் பேசாமல் போனால் அந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மகள் மறுநாள் மதியம் வந்து இறங்கினாள். அன்று விடியற்காலை வந்த அம்மாவின் போன்தான் அழைத்திருந்தது. தொலைபேசி நிலையத்துப் பழக்கத்தில் எதற்கும் “லைன்ல இரு” என்று ஆரம்பிக்கிறவர், இந்த முறை “நரை சாப்பிடலை” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

மகளின் வேலை அப்படிப்பட்டது. ஆலைக்குள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக உடுப்பு மாற்ற வேண்டும், தொப்பி மாற்ற வேண்டும், காலுறை மாற்ற வேண்டும். ஒரு மருந்துக் கலவையில் ஒரு கிருமி வந்தால், அது எந்தக் கதவு வழியாக வந்தது என்று கண்டுபிடிக்கும் வரை இவளுக்குச் சோறு இறங்காது. பேச்சு குறைவு. பையை வைத்ததும் விசாரணையைத் தொடங்கினாள்.

“அம்மா, நீ அந்த ரூமுக்குள்ள போனியா?”

“கதவு வரைக்கும் போனேன்.”

“கதவைத் திறந்தியா?”

“மூடின கதவுகிட்ட நின்னு பேசிட்டு வந்தேன். பாவம், அதுங்களுக்கும் ஆறுதல் வேணாமா?”

“அப்பா, நீங்க?”

“என்னைச் சந்தேகப்படாதே கண்ணு. கையைப் பாரு. தோலே இல்லை.”

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பி வைத்து மகள் கட்டம் போட்டாள். தேதி. எந்தப் பூனை. எங்கே தூங்கியது. எந்தத் தட்டில் தின்றது. காலையில் எத்தனையாவதாகச் சீவப்பட்டது. கேட்டுக் கேட்டு நிரப்பினாள். பிறகு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, முதல்ல உக்கார்ற பூனைக்குத்தான் வருது.”

“என்னது?”

“கிராப்பு முதல்ல உக்காந்துது. வந்துச்சு. அது வராத அன்னிக்கு சுருட்டை முதல்ல. அதுக்கு வந்துச்சு. அப்புறம் நரை முதல்ல.”

“என் முதல் நாற்காலிக்கு ராசி இல்லேன்னு சொல்றியா? முப்பத்தெட்டு வருஷமா எத்தனை பேர் உக்காந்திருக்காங்க. ஒருத்தன் தும்மினதில்லை.”

“நாளைக்கு நீங்க எப்பவும் போலச் செய்ங்க. நான் பாக்கறேன். நரையை மட்டும் விட்டுடுங்க.”

மறுநாள் காலை மகள் டீ டம்ளருடன் பால்கனி நிலைப்படியில் உட்கார்ந்தாள். அவருக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. மகள் படித்த படிப்புக்குத் தன் வேலையைக் காட்டுவது முதல் தடவை. கையைக் கழுவினார். கொதித்த சீப்பைக் கிடுக்கியால் எடுத்தார். ஆணியில் தொங்கிய துணியை எடுத்து, ஓர் உதறு உதறி, மடியில் விரித்தார்.

“நிறுத்துங்க அப்பா. இப்ப என்ன பண்ணீங்க?”

“சீப்பை எடுத்தேன்.”

“அதுக்கப்புறம்?”

“உக்காந்தேன்.”

“நடுவுல.”

அவர் யோசித்தார். “நடுவுல ஒண்ணும் இல்லையே.”

“துணியை உதறினீங்க.”

“நானா? எப்ப?”

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “எனக்கு இங்க கேட்டுச்சு. முப்பத்தெட்டு வருஷமா கேக்குது. வீட்டுல அலாரமே வாங்கினதில்லை.”

“இது எந்தத் துணி?” என்று மகள் கேட்டாள்.

“கடைத்துணி.”

“நேத்து அந்த ரூமுக்குள்ள மடியில போட்டிருந்தது எது?”

“இதுதான்.”

“முந்தாநாள்?”

“இதுதான். வாரக் கடைசியில எல்லாத்தையும் துவைப்பேன். நடுவுல உதறிடறேனே.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் மெல்லத் தணிந்தது. உதறினால் முடி போகும். முப்பத்தெட்டு வருடமாக அவர் துணியிலிருந்து போக வேண்டியது முடி ஒன்றுதான். அதற்கு ஓர் உதறல் போதும். கை அதை வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டது. மூளையிடம் கேட்கவே இல்லை. சீப்பை ஆறாகப் பிரித்தவர், தட்டை ஆறாகப் பிரித்தவர், துணி என்ற ஒன்று இருப்பதையே பார்க்கவில்லை. நோயாளிகள் கடைசியாகத் தும்மிய துணியில் மறுநாள் முதலாவதாக உட்கார்ந்தது யாரோ, ஈரத்தில் இருந்ததெல்லாம் அவர்களுக்கு. அடுத்தவர்களுக்கு மிச்சம் மீதி.

“அப்போ நான்தான் குடுத்திருக்கேன்,” என்றார். “முதல் மரியாதைன்னு கூப்பிட்டு உக்கார வெச்சு.”

மகள் டம்ளரைப் பார்த்தாள். ஆலையில் கதவைக் கண்டுபிடித்தால் எல்லோரும் கைகொடுப்பார்கள். இங்கே அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மனைவி வந்தார். அவர் மடியிலிருந்து துணியை இரண்டு விரலால் எடுத்துப் பக்கெட்டில் போட்டார். கொதிநீரும் சோப்பும் ஊற்றினார். பின்னர் அலச பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தனியாக வைத்தார்.

“எழுந்திருங்க,” என்றார். “பொறுப்புன்னு சொன்னீங்க இல்ல? அவ இன்னும் சாப்பிடலை.”

அது நரை சாப்பிடாத இரண்டாம் நாள். டாக்டருக்குப் போன் செய்தார்கள். அவர் வீட்டுக்கே வந்து, தோலுக்கடியில் நீர் ஏற்றினார். மறுநாள் மதியம் வரை பாருங்கள், அப்போதும் வாய் வைக்காவிட்டால் குழாய் போட்டுத்தான் உணவு, இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

டாக்டர் போனதும் அவர் கீழே போய்க் கடை ஷட்டரை இறக்கினார். ஓர் அட்டையில் எழுதி மாட்டினார்: ‘அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன்.’ அட்டை இரண்டு நாள் தொங்கியது. தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. தபால்காரர் மட்டும் அதன் கீழே பென்சிலால், ‘வரும்போது எனக்கு நரைத்திருக்கும்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

குளியலறைக் கதவைச் சாத்தி, இரண்டு பக்கெட்டுகளில் ஆவி பறக்கும் நீரை வைத்து, நரையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். மடியில் புதிதாகத் துவைத்த துண்டு. ஆவி நிறைந்தது. பத்து நிமிடம் உள்ளே, பிறகு வெளியே. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை.

மூக்கின் மேல் சளி காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. மகள் பஞ்சால் துடைக்கப் போனாள். அவர் தடுத்தார்.

“இழுக்காதே. ஊறணும். முரட்டுத் தாடிக்கு என்ன பண்ணுவோம்? சுடுதுண்டு போட்டு வெச்சிட்டு ஊர்க்கதை பேசுவோம். அது தானா வழிவிடும்.”

வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சை நரையின் மூக்கின் மேல் வைத்தார். எடுத்தார். வேறு பஞ்சு. வைத்தார். எடுத்தார். வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. மகாராணிக்கும் ஊர்க்கதை கிடைத்தது. எதிர்வீட்டுக்காரர் தலைக்குச் சாயம் பூசுவதை மறைப்பது, தபால்காரரின் மீசை ஒரு பக்கம் நீளம் என்பது, மகள் எட்டு வயதில் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்தது. மகள் அதைக் கேட்டும் கேளாதது போல அடுத்த பஞ்சை நனைத்தாள். கால் மணி நேரத்தில் பொருக்கு முழுதாகக் கழன்று வந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை நடந்த இந்த வேலையில் ஒரு தடவைகூட அவர் இழுக்கவில்லை. முப்பத்தெட்டு வருடக் கை. கெடுத்ததும் அதுதான்.

மீனை மசித்து, உடம்புச் சூட்டுக்குச் சற்று மேலாகச் சூடாக்கி வைத்தார்கள். வீடு முழுதும் நாறியது. மற்றப் பூனைகள் கதவைப் பிறாண்டின. நரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“லைன் பிஸி,” என்றார் மனைவி. பழைய கிண்டல்தான். குரலில் அது இல்லை.

மூன்றாம் நாள் காலையிலும் தட்டு அப்படியே இருந்தது. மறுபடி ஆவி. மறுபடி பஞ்சு. பதினொரு மணிக்கு, குளியலறையில், ஆவியில் வேர்த்து வழிந்துகொண்டு, அவர் ஆள்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் மீனை எடுத்து நரையின் மூக்குக்கு நேரே நீட்டினார். ஊட்டவில்லை. சும்மா நீட்டிக்கொண்டே இருந்தார். கை வலித்தது. மாற்றவில்லை.

நரையின் மூக்கு ஒரு முறை சுருங்கியது. இன்னொரு முறை. பிறகு சொரசொரப்பான நாக்கு விரலில் பட்டது.

 அடுத்த விரலில் கொஞ்சம். அதுவும் போனது. அடுத்தது. இரண்டு பற்களும் விரலைக் கவ்வின.

கதவுக்கு வெளியே மனைவி நின்றிருந்தார், நிழல் தெரிந்தது.

“என்னங்க?”

“லைன் கிடைச்சிருச்சு,” என்றார் அவர்.

வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“உனக்கும் வந்துருச்சா? மனுஷனுக்கு ஒட்டாதுன்னாங்களே,” என்றார் அவர்.

“வாயை மூடிட்டு ஊட்டுங்க.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சட்டம் மாறியது. மனைவி பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, பூனைக்கு இரண்டு என்று பன்னிரண்டு துணி தைத்தார். ஓரத்தில் ஆளுக்கொரு நிற நூல். நரைக்குச் சாம்பல். ஒரு தடவை மடியில் போட்டது நேராகப் பக்கெட்டுக்கு. தடுப்பூசித் தேதிகளை மகள் நாட்காட்டியில் அடுத்த மூன்று வருடத்துக்கு எழுதி வைத்தாள். கீழே கடையிலும் ஆளுக்கொரு துவைத்த துணி வந்தது. உதறலை மட்டும் யாராலும் ஒழிக்க முடியவில்லை. புதுத்துணியை எடுத்ததும் கை தானாக உதறியது.

“உதறுங்க,” என்றாள் மகள். “துவைச்சதைத்தானே உதறறீங்க. நட்டமில்லை.”

தாடியைத் தத்துக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. உடம்பு தேறும் வரை என்றார் அவர். அஞ்சு நிமிஷம் என்றார்.

மூன்று வருடங்கள் இப்படி ஓடின. இந்த வருடம் மழை தொடங்கும் முன் அவர் போய்ச் சேர்ந்தார். கடையில், வேலை நடுவில். நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு பக்கம்தான் வெட்டியிருந்தது. பாதித் தலையுடனே அந்த வாடிக்கையாளர் எல்லாக் காரியத்துக்கும் கூட இருந்தார். வேறு கடைக்குப் போக மனம் வரவில்லை என்றார்.

வீடு நிறைய ஆட்கள். நாற்காலிகள் இடம் மாறின. பூனைகள் கட்டிலுக்கடியில் போய்விட்டன. வந்தவர்கள் கிளம்பிய மறுநாள் காலை, மகள் பால்கனியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“நரை தும்மறா.”

பதினேழு வயது. டாக்டர் அன்றே சொன்னதுதான். மனசு கலங்கினால் திரும்ப எட்டிப் பார்க்கும்.

“சாப்பிட்டாளா?”

“கொஞ்சம் நக்கினா. போதாது.”

மகள் முழங்கை வரை கை கழுவினாள். வெந்நீர் வைத்தாள். மீனைச் சூடாக்கச் சொன்னாள். சீப்புகளைக் கொதிக்க வைத்தாள். பம்ப் பழுதான நாற்காலியைத் துடைத்து அதில் உட்கார்ந்தாள். முதல் துணியை எடுத்தாள். மடியில் விரிக்கத்தான் எடுத்தாள். கை இரண்டு மூலைகளைப் பிடித்தது.

‘பட்’ என்ற சத்தம் தெரு வரை கேட்டது.

கட்டிலுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. கிராப்பு, சுருட்டை, கிருதா, வகிடு, எருமைக் கணக்கில் வளர்ந்துவிட்ட தாடி. எல்லாவற்றுக்கும் முன்னால், மூக்கு ஒழுக, மெல்ல நடந்து வந்து, முதல் நாற்காலி தனக்குத்தான் என்று நின்றாள் நரை.

“நீ இன்னிக்குக் கடைசி,” என்றாள் மகள். “தும்மறவங்க கடைசி.”

நரை நகரவில்லை. அவள் முகத்தையே பார்த்தாள்.

“உக்காரு,” என்றாள் மகள். “அஞ்சு நிமிஷம்.”